மதகில்லாத ஏரி: சவுத் ஃபோர்க் அணையும் தனியார் பொறுப்பும்

1889 மே 31 பிற்பகலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் அணை உடைந்தது. அங்கிருந்து 14 மைல் கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரம் ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்தது. பள்ளத்தாக்கில் 2,209 பேர் மாண்டனர். பிட்ஸ்பர்க் செல்வந்தர்கள் மீன் பிடிக்கவும் படகு விடவும் நடத்திய ஒரு மன்றத்தின் சொத்து அந்த அணை. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி கிளே ஃப்ரிக்கும் அதன் உறுப்பினர்கள். பெருமழையே காரணம் என்ற விளக்கம் நெடுங்காலம் நிலைத்தது. மழை கொட்டியது உண்மைதான். ஆனால் அணை உடைந்ததற்கு முதற்காரணம், அதன் நீர்மட்டத்தை இறக்க வழியில்லாமல் போனதே.

1853-இல் மாநில அரசு கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டி முடித்த மண் அணை அது. அடியில் நீரை வெளியேற்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. ரயில் வந்தபின் கால்வாய்க்கு வேலையில்லை, அணை கைமாறியது. 1862-இல் ஒரு பகுதி உடைந்தது. பின்னர் வாங்கிய ஒருவர் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879-இல் வாங்கிய மன்றம் உடைப்பை மண்ணாலும் பாறையாலும் வைக்கோலாலும் அடைத்தது. குழாய்களை மட்டும் மீண்டும் பொருத்தவில்லை.

மண் கரையில் கசிவு கண்டால் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க முடியும். மதகை இழந்த கரையில் எந்தப் பழுதையும் மேலோட்டமாகத்தான் பார்க்க இயலும். ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பு ஆலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் 1880-இல் பார்வையிட்டு, வெளியேற்றுக் குழாய் இல்லாததையும் பழுதுபார்த்த முறையையும் குறை கூறினார். செலவில் பங்கேற்க ஆலையின் பொது மேலாளர் டேனியல் மோரல் முன்வந்தும் மன்றம் ஏற்கவில்லை.

மதகு இல்லாத நிலையில் மிகைநீர் முழுவதும் கலிங்கு வழியாகவே போக வேண்டும். அதையும் மன்றம் நெருக்கியது: வளர்த்த மீன்கள் தப்பாதிருக்கக் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தது, வண்டிகள் செல்லக் கரையின் உச்சியைத் தாழ்த்தியது. அந்தக் கடைசி நாளில் ஆட்கள் ஏர் பூட்டி உழுதும் மண்வெட்டியால் வாரியும் கரையை உயர்த்தப் பாடுபட்டனர். தடுப்பில் கிளைகளும் குப்பையும் சிக்கி அடைத்துக்கொண்டிருந்தன.

மாற்றங்கள் செய்யாதிருந்தாலும் அணை நிரம்பி வழிந்தே இருக்கும் என்று அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் குழு 1891-இல் கூறியது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதை மறுத்தது: உச்சி சுமார் 3 அடி தாழ்ந்ததால் நீர் வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்தது, பழைய வடிவில் அணை தாங்கியிருக்கும். வாதத்தின் வலு இந்த இரண்டாம் முடிவின் பக்கமே நிற்கிறது.

உரிமையாளர் அனுபவிப்பது மேலே. ஆபத்தைச் சுமப்பவர்கள் கீழே. இந்தப் பிளவினால்தான் தனியார் அணையின் பராமரிப்பை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. தனியார் அணைகளையும் ஆய்வு செய்ய 1972-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தும், பணமில்லாமல் ஆய்வுகள் முடங்கின. ஜார்ஜியாவில் மின்னுற்பத்தி நின்றபின் பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட்ட கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து, அதன் கீழிருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் அதிபர் கார்ட்டர் ஆய்வைத் தொடங்க ஆணையிட்டார்.