விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவே ஒரு துபாஷி

கணிப்பொறி உலகில் 'ஒயின்' என்றொரு மென்பொருள் உண்டு. புதுச்சேரிக்காரன் இந்தச் சொல்லை எழுதினால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

விண்டோஸுக்காகச் செய்த மென்பொருள் லினக்ஸில் ஓடாது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே இன்டெல் சில்லில் இயங்கக்கூடியவை. கூட்டல், கழித்தல் கட்டளைகளில் வேறுபாடில்லை. சிக்கல் வேறிடத்தில். 'இந்தக் கோப்பைத் திற', 'திரையில் ஒரு சாளரம் போடு' என்று எந்த மென்பொருளும் இயங்குதளத்திடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் மொழியில் கேட்டால் லினக்ஸுக்குப் புரியாது. நடுவில் நின்று ஒவ்வொன்றையும் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வாய்த்தார். லினக்ஸுக்கு வாய்த்தது ஒயின்.

1993-இல் பாப் ஆம்ஸ்டாட் என்பவர் இதைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டே பொறுப்பு அலெக்ஸாந்தர் ழூலியாரிடம் வந்தது. இன்றும் அவர்தான் தலைவர். சுவிட்சர்லாந்துக்காரர். ஆங்கிலம் பேசுவோர் 'ஜூலியர்ட்' என்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் காதில் அந்தக் கடைசி 'ட்' குத்துகிறது.

வேலை எளிதன்று. விண்டோஸின் மூலநிரல் மைக்ரோசாப்டின் இரகசியம். அவர்கள் வெளியிட்ட விளக்க ஏடுகளைப் படிக்கலாம். அதில் இல்லாததை உண்மையான விண்டோஸிடம் கேள்வி கேட்டு, வரும் பதிலைப் பார்த்துத்தான் அறியவேண்டும். விண்டோஸ் பிழையாகப் பதில் சொன்னால் ஒயினும் அதே பிழையைச் செய்தாகவேண்டும், அந்தப் பிழையை நம்பி எழுதிய மென்பொருள்கள் இருப்பதால்! தவறாக அச்சான படிவத்துக்கேற்பப் பதிவேடு வைத்துப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகப் புரியும்.

2004-இல் விண்டோஸ் மூலநிரலின் ஒரு பகுதி எப்படியோ கசிந்து இணையத்தில் உலவியது. எடுத்துப் பார்த்திருந்தால் வேலை எவ்வளவோ சுருங்கியிருக்கும். ஆனால் மூலநிரலைக் கண்ணால் பார்த்தவர் ஒயினுக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால் கை சுத்தமாக இருக்கவேண்டுமே. 1.0 என்ற எண்ணோடு முதல் பதிப்பு வந்தது 2008 ஜூனில்தான். பதினைந்து வருடம்!

இதில் எனக்கென்ன அக்கறை என்பீர்கள். 1990-களில் நான் எழுதிய நினைவுக் குறிப்புகள் எல்லாம், யூனிகோடு வருமுன் இருந்த ஒரு பழைய 16-பிட் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் கிடந்தன. 64-பிட் விண்டோஸ் அத்தகைய மென்பொருளை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். பேரன் தன் லினக்ஸ் மடிக்கணினியில் ஒயின் வழியாக அதைத் திறந்து காட்டினான். விண்டோஸுக்கே மறந்துபோன பாஷை துபாஷிக்கு நினைவிருக்கிறது.

2018-இல் வால்வ் நிறுவனம் ஒயினை அடிப்படையாக வைத்து 'புரோட்டான்' கொண்டுவந்தபின், விண்டோஸ் விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் லினக்ஸுக்கு வந்தன.

மைக்ரோசாப்டும் மறுதிசையில் முயன்றது. 2016-இல் லினக்ஸ் மென்பொருளை விண்டோஸில் ஓட்ட அவர்களும் ஒரு துபாஷியை அமர்த்தினார்கள். 2019-இல் அந்த வழியை விட்டு, லினக்ஸின் கருநிரலையே விண்டோஸுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். லினக்ஸ் மூலநிரல் திறந்து கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். ழூலியாருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அந்தக் குறுக்குவழி ஒருநாளும் இருந்ததில்லை.