வரியில் ஏறிய ஓலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நைவேத்தியம் முடிந்த பிறகுதான் மதுரையில் திருமலை நாயக்கர் சாப்பாட்டில் கை வைப்பார் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். வழி நெடுக மண்டபம் கட்டி, ஒவ்வொன்றிலும் ஆள் வைத்து, கோயிலில் மணி அடித்ததும் அடுத்த மண்டபம் அடிக்க, அதைக் கேட்டு அதற்கடுத்தது அடிக்க, சத்தம் அரண்மனை வரை போய்ச் சேருமாம். மதுரைச் சாலையில் இடிந்த கல்மண்டபம் எதைக் கண்டாலும் எங்கள் பெரியவர்கள் 'நகரா மண்டபம்' என்று கைகாட்டுவார்கள். இதே கதையைத் திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவில் கட்டபொம்மன் பெயரிலும் சொல்வதுண்டு.

நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கதை எவ்வளவு நிஜம் என்பது இங்கே விஷயமில்லை. என்னை இழுத்தது அதன் அமைப்பு. ஓரிடத்தில் ஒன்று நடக்கிறது. செய்தி தானாக நகர்கிறது. இன்னோரிடத்தில் ஒரு வேலை தொடங்குகிறது. இன்று நாங்கள் ஆபீஸில் 'ட்ரிகர்', 'வெப்ஹுக்' என்று சொல்வது இதைத்தான். டீம் மெசேஜிங் ஆப்பில் ஒரு செய்தி விழுந்தால் ஆன்லைன் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி தானாக ஏற வேண்டும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. மணிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. காற்றடித்து எதிரொலித்து இரண்டு தடவை கேட்டாலும் ராஜா ஒரு தடவைதான் சாப்பிடுவார். மணிச் செய்தி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறவேண்டிய செய்தி வேறு ஜாதி. அது இரண்டு தடவை வந்தால் இரண்டு தடவை ஏறும், பணமும் இரண்டு தடவை நகரும்.

கணக்கில் ஏறும் செய்தியை எப்படிக் கையாள்வது என்று சோழர் ஆவணங்களைப் பார்த்தால் அசந்துபோவோம். ராஜா ஒரு ஊரைக் கோயிலுக்கோ பள்ளிக்கோ கொடுப்பதாக வாயால் சொல்கிறார். அது திருவாய்க்கேள்வி. திருமந்திர ஓலை என்ற அதிகாரி அதை எழுதுகிறார். திருமந்திர ஓலை நாயகம் சரிபார்த்து ஒப்பிடுகிறார். இதோடு முடிந்திருந்தால் அது வெறும் மெசேஜ். அடுத்து ஓலை புரவுவரித் திணைக்களத்துக்குப் போகிறது. இன்றைய பாஷையில் வருவாய்த்துறை என்று வைத்துக்கொள்ளலாம். வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று பதவிப் பெயர்கள் வரிசையாக வரும். அதில் ஒரு பதவியின் பெயரே 'வரியிலிடு'. ஏட்டில் ஏற்றும் வேலையே அந்த ஆளின் பெயராகிவிட்டது!

'வரி' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கோடு, எழுத்தின் வரி, அரசுக்குக் கட்டும் வரி, மூன்றும் ஒரே சொல். ஸ்ப்ரெட்ஷீட்டில் நாங்கள் 'ரோ' என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. பாண்டியர் கல்வெட்டுகளிலும் அரசன் ஆணை ஒரு ஆவணமாகவும், அதைக் கணக்கில் ஏற்றியதற்கான 'உள்வரி' இன்னொரு ஆவணமாகவும் வருகின்றன. ஓலை மட்டும் கையில் இருந்தால் போதாது, உள்வரியும் வேண்டும். செய்தி வந்தது என்பதற்கும் கணக்கில் ஏறியது என்பதற்கும் தனித்தனிச் சான்று.

லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள் நல்ல உதாரணம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்தான். 8,900 கலத்துக்கு மேல் நெல். சாசனத்தில் நெல்லளவு நாழி வரை இறங்கி வருகிறது. சோழர் ஆணைகளில் யாண்டு இத்தனையாவது, நாள் இத்தனை என்று எண் போடும் வழக்கம் உண்டு. எழுதியவர், ஒப்பிட்டவர், ஏட்டில் ஏற்றும்போது கூட இருந்தவர் எல்லோரும் பெயரோடு வருவார்கள். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். நானும் முதலில் அந்தப் பெயர்ப்பட்டியலைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். ஆனால் ஒரு புரோகிராமர் கண்ணுக்கு அந்த அலுப்பில்தான் சரக்கு இருக்கிறது. ஆணைக்கு ஒரு தனி எண், ஒவ்வொரு படிக்கும் பதில் சொல்ல ஒரு ஆள்.

இனி ஒரே தாவலில் நம் காலத்துக்கு வந்துவிடுவோம். கணக்கரின் அகலத் தாளை டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது 1979இல். கூகுள் அதை 2006இல் பிரௌசருக்குள் வைத்தது. கிளிட்ச் என்ற விளையாட்டைச் செய்து நஷ்டப்பட்ட குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவியை 2014இல் ஸ்லாக் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. இரண்டையும் முடிச்சுப் போட ஆப்ஸ் ஸ்கிரிப்ட், ஜேப்பியர் என்று பல வந்தன. இதற்காக ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி போனால் பக்கத்திலேயே மத்தளம்பாறை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்து 2009இல் பெயர் மாறிய ஸோஹோவுக்கு அங்கே ஆபீஸ் இருக்கிறது. மெசேஜுக்கு கிளிக், கணக்குக்கு ஸோஹோ ஷீட், இரண்டையும் இணைக்க ஃப்ளோ என மூன்றும் அந்த ஒரே நிறுவனத்தின் சரக்கு.

கருவிக்குப் பஞ்சமில்லை. ஓலையிலிருந்து வரிக்குப் போகும் வழியில் நின்றவர்களைத்தான் காணோம்.

சத்திரப்பட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி விசைத்தறியில் நெய்கிறார்கள். தறிக்காரர்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி. எனக்குத் தெரிந்த ஒருவரின் தறிக்கூடத்தில், பெங்களூரிலிருந்து திரும்பிய மகன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆர்டர் வந்ததும் ஒரு மெசேஜிங் ஆப்பில் போடுவார்கள். ஸ்கிரிப்ட் அதைப் பிடித்து ஷீட்டில் வரியாக ஏற்றும். அதைப் பார்த்துப் பாவு ஏற்றுவார்கள். கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதும் வேலை மிச்சம். ஆறு மாதம் அருமையாக ஓடியது.

ஒருநாள் ஒரே ஆர்டர் இரண்டு வரியாக ஏறிவிட்டது. இரண்டுக்கும் பாவு போட்டு நெய்து முடித்துவிட்டார்கள். வாங்குபவர் ஒன்றைத்தான் எடுத்தார். மிச்சத் துணி கூடத்தில் கிடக்க, இரண்டாவது பாவு நெய்தவருக்கு முதலாளி, "கூலியை அப்புறம் பாப்போம்" என்றார். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எழுதுனது யாருண்ணே?"

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஷீட்டின் பழைய பதிப்புகளைத் திறந்து பார்த்தோம். எல்லா வரியிலும் மகன் பெயர்தான் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது ஏறிய வரியிலும் அவர் பெயர். ஸ்கிரிப்ட் அவருடைய கணக்கிலிருந்து ஓடுவதால் அப்படித்தான் விழும். ஏறியது எல்லாமே அவர் பெயரில், ஆனால் ஒரு வரியைக்கூட அவர் படித்துப் பார்த்து ஏற்றவில்லை.

வரி இரட்டித்த காரணம் சாதாரணமானது. இந்த வகை ஆப்கள், செய்தியை அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். ஸ்லாக்கின் ஆவணத்தைப் பார்த்தால் 3 வினாடி. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். செய்தி தொலையக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். மண்டபத்து ஆளும் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை அடித்திருப்பான். ஷீட்டில் எழுத ஸ்கிரிப்டுக்கு 4, 5 வினாடி ஆனால், முதல் செய்தியும் ஏறும், மறுமுறை வந்ததும் ஏறும். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டும் எண் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்கும்படி ஸ்கிரிப்ட் எழுதப்படவில்லை.

செய்த மாற்றங்கள் சின்னவை. செய்தியின் எண் ஒரு பத்தியில் ஏறும், அந்த எண் ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் எழுதாமல் திரும்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் எழுதலாம் என்று பூட்டு. ஆர்டரை யாராவது திருத்தினால் பழைய வரி அழியாது. அதே எண்ணோடு கீழே இன்னொரு வரி வரும். கடைசியில் 'ஒப்பு' என்று ஒரு பத்தி. மேஸ்திரி படித்துப் பார்த்துத் தன் பெயரைக் கையால் தட்டாமல் எந்தப் பாவும் ஏறாது. மகனுக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. "எல்லாம் தானா நடக்கணும்னுதானே சார் இத செஞ்சோம்?" என்றார். கணக்குப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது பாவின் கூலி அடுத்த சனிக்கிழமை கிடைத்தது. ஷீட்டில் அதற்கும் தனியாக ஒரு வரி, ஒப்பு முதலாளி பெயரில்.