அவிழ்க்கும் கட்டு

கரைசேர்ந்த மரக்கலத்தை அன்றன்றே அவிழ்த்துப்போடும் வழக்கம் மாமல்லபுரம், கோவளம் கரைகளில் நெடுங்காலம் இருந்துவந்தது. செதுக்கிய இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் வரிந்து கடலேறிய மீனவர், திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரம் நீர்குடித்துக் கனத்துப்போகாதபடி தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள். மறுநாள் விடியுமுன் அதே மரங்கள் மீண்டும் ஒரு வாகனமாகிவிடும். இந்தச் சோழமண்டலக் கரையின் ‘கட்டுமரம்’ என்ற சொல்லை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் குறித்திருக்கிறார். சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன் கப்பல்களிலிருந்து மனிதரையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகிலோ, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தமையால், அலை மோதும்போது உடல் பிளவுபடாமல் நெளிந்துகொடுத்தது.

சைக்கிள் தொழில் இந்தக் கரையைச் சேர்ந்த செங்கற்பட்டு ஜில்லாவுக்கு வந்தபோது இதற்கு நேர்மாறான தர்மத்தையே கொண்டுவந்தது. முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாருடன் கூட்டுச்சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, அந்நாளில் அதே ஜில்லாவைச் சேர்ந்திருந்த அம்பத்தூரிலிருந்து 1951-ல் முதல் ஹெர்குலிஸ் வண்டியை வெளியிட்டார்கள். குழாய்களை மூட்டுக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைத்த அத்தகைய சட்டம் ஆயுளுக்கும் பிரியாது. நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்தது. போலீஸ்காரர் பிடிப்பாரென்று தெரிந்தும் ‘டபுள்ஸ்’ போனவர்களையும் சளைக்காமல் தாங்கியது.

சட்டத்தையே மடக்கும் யுக்திக்கு யுத்தம் ஊக்கமளித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் சிப்பாய்களுக்காக பி.எஸ்.ஏ. கம்பெனியார் செய்த வண்டி, இரண்டு சிறகுத் திருகுகளைத் தளர்த்தினால் நடுவில் மடிந்துவிடும். அம்பத்தூர் வண்டிகள் பிற்காலத்தில் தாங்கிய பெயர்களுள் பி.எஸ்.ஏ.யும் ஒன்று.

ஆனால், ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்து இருவருமே மிதிக்கும் டாண்டம் வண்டியின் கஷ்டம் வேறு. இரண்டு பேருடைய பலமும் ஒரே பின்சக்கரத்தில் வந்து சேர்வதால் நீண்ட சட்டம் முறுக்கேறும். அதை விமானத்தில் உடன் கொண்டுபோவதும் சுலபமல்ல; விமானக் கம்பெனிகளோ, சாதாரணமாக, பெட்டியின் மூன்று அளவுகளும் கூடி 158 சென்டிமீட்டரையும், எடை 23 கிலோவையும் தாண்டலாகாது என்கின்றன. 1990-களில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஓர் இணைப்பில், ஒன்றையொன்று கவ்வும் பற்கள் முறுக்கைத் தாங்க, மேலே சுற்றும் மரை அவற்றை நெருக்கிப் பிடிக்கிறது. ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் டாண்டம் சட்டம் இதனால் மூன்று துண்டுகளாகப் பிரிந்து, சக்கரங்களோடு இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடுகிறது. கட்டு தளர்வதைப் பலவீனமாகக் கருதாமல் பலத்தின் ஓர் அங்கமாகவே கொண்ட அந்த வேலையைப் பார்க்கையில், மணலில் உலரும் மரங்களை நான் நினைக்காமலிருக்க முடியவில்லை.

அந்த மரங்களை இப்போது இக்கரையில் காண்பது அரிது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகளே நிறைந்துவிட்டன. அவை கடலில் வேகமாகப் போகும். அதிக மீன் ஏற்றும். அந்தச் சௌகரியத்தை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே வார்ப்பான அந்த உடலில் அவிழ்ப்பதற்கு ஒன்றுமில்லாததால், அலை எட்டாத மேட்டுக்கு அதை இழுத்துச்செல்லப் பல ஊர்களில் டிராக்டர் வரவேண்டியிருக்கிறது.