கயிலைப் பெருவழி

திருக்கயிலாயம் சிவபெருமான் வீற்றிருந்தருளும் திருமலை என்பது சைவர் அனைவர்க்கும் ஒப்ப முடிந்தது. அம்மலை வடதிசைக்கண் கண்ணாற் காண நிற்பது என்பதும், அதனை நாடிக் காலால் நடந்தார் பலர் உளர் என்பதும் வரலாற்றான் அறியப்படுவன. எனினும், திருநாவுக்கரசு நாயனார் கயிலை நோக்கி நடந்த செய்தியைக் குறித்து இக்காலத்தார் இருவேறு வகையாக மயங்குகின்றனர். ஒருசாரார், அது புலவர் புனைவேயாம். ஏழாம் நூற்றாண்டில் முதியவர் ஒருவர் தமிழ்நாட்டினின்று இமயங் கடக்கப் புகுந்தார் என்றல் பொருந்தாது என்பர். மற்றொரு சாரார், கயிலையை நேரிற் சென்று கண்டார்க்கே பிறவிப்பயன் உண்டு. செல்லமாட்டாதார் இழந்தாரே ஆவர் என்பர். இவ்விரு கூற்றும் பொருந்துமாவென நிலத்தின் இயல்பும் வழியின் வரலாறுங் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சியைத் தொண்டைநாட்டுக் கடற்கரையினின்று தொடங்குதல் தக்கது. பழவேற்காட்டின் கிழக்கே, உவர்நீர் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் பரதவர் ஊர் உளது. கலங்கரை விளக்கம் ஆண்டு நிற்றலின் அப்பெயர் எய்திற்று. வாடையும் கொண்டலும் கச்சானும் காலந்தோறும் மாறி வீசும் அம்மணலிற் கால் புதைய நடப்பார்க்குக் குறுவழியும் நெடுவழியாகத் தோன்றும். அவ்வூர்க்கு அணித்தாக ஏரியின் மேல்பால் திருப்பாலைவனம் என்னும் சிவப்பதி விளங்குகின்றது. அப்பெயர் கேட்டார் நீரற்ற மணற்காட்டை நினைத்தல் வேண்டா; பாலை என்னும் மரங்கள் செறிந்த வனம் என்பதே அதன் பொருள். ஒரு சொல் மரத்தையும் நிலத்தையும் குறித்தல் தமிழ் வழக்கு.

நிலத்தைக் குறிக்குங்கால் பாலை என்பது யாது? முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் படிவங் கொள்ளும் என இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திற் கூறினார். எனவே, தமிழர் கண்ட பாலை வெயிலால் விளைவது. இவ்வெல்லையை உளங்கொள்ளுதல் மேல்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. யாதினாலெனின், கயிலையைச் சூழ்ந்த நிலமும் ஒரு பாலையே. ஆயின் அது குளிராலும் காற்றாலும் ஆகிய பாலை.

கயிலைமலையின் உயரம் 6,638 மீட்டர். அதன் தெற்கே மானதவாவி ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்திற் பரந்து கிடக்கின்றது. தென்கடலினின்று எழும் பருவக்காற்றின் முகிலை இமயத்தொடர் தன் தென்சாரலிலே தடுத்துப் பொழியச் செய்தலின், வடபாலுள்ள திபெத்து மேட்டுநிலம் மழை குன்றிப் பரலும் மணலுமாய்க் கிடக்கின்றது. ஆண்டு மரம் அரிது. குறும்புதரும் கவரிமாவின் உலர்ந்த சாணமுமே அடுப்பெரிக்கப் பயன்படுவன. வளியின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கிற்கும் சற்றுக் குறைவு. ஆதலின் பத்தடி நடந்தார்க்கும் மூச்சு முட்டும். வெயிலில் நின்றாற் தோல் கருகும். நிழலில் ஒதுங்கினால் உடல் விறைக்கும். நண்பகற்குப் பின் எழும் பெருங்காற்று மாலைவரை மணலை வாரி வீசும். இதனால் வழிச்செல்வோர் வைகறையிற் புறப்பட்டு, காற்று மிகுமுன் தங்குமிடம் சேர்தலை வழக்கமாகக் கொண்டனர்.

இனி, அப்பரடிகள் சென்ற வழியைச் சேக்கிழார் கூறுமாறு காண்பாம். அடிகள் திருக்காளத்தியை வழிபட்டபொழுதே கயிலைக் காட்சியில் வேட்கை மீதூர்ந்தார். ஆங்கிருந்து திருப்பருப்பதஞ் சென்று, தெலுங்கநாடும் கருநாடும் மாளவமும் இலாடமும் மத்திய பைதிரமும் கடந்து, வாரணாசியை அடைந்தார். உடன்வந்தாரை அங்கே நிறுத்தித் தனியராய் மேற்சென்றார். இது நேர்வழியன்று, மேற்கே வளைந்து செல்வது. புனைந்துரைப்பார் ஒருவர் காளத்தியினின்று காசிக்கு நேர்கோடு வரைந்துவிடுவர். நாட்டின் பெயர்களை நிரலே நிறுத்தி வளைந்த வழியைக் கூறுதல், வடநாட்டுப் பெருவழிகளை அறிந்தார் வாய்க் கேட்ட செய்தியைத் தழுவியதாதல் வேண்டும் என்றே தோன்றுகின்றது.

இதற்குத் துணையாவது திருமூலர் வரலாறு. கயிலையினின்று தென்றிசை போந்த அச்சிவயோகியார் கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, திருப்பருப்பதம், திருக்காளத்தி, திருவாலங்காடு, காஞ்சி, திருவதிகை, தில்லை என்னும் பதிகளை வழிபட்டு ஆவடுதுறை அடைந்தனர் என்று அதே பெரியபுராணம் கூறுகின்றது. ஒருவர் சென்ற வழியும் மற்றொருவர் வந்த வழியும் காசியிலும் பருப்பதத்திலும் காளத்தியிலும் ஒன்றுபடுகின்றன. எனவே, கயிலைக்கும் தமிழகத்துக்கும் இடையே அடியார் நடந்த வழி ஒன்று உண்டென்பது சேக்கிழார் காலமாகிய பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழர்க்குத் தெரிந்த செய்தி என்பது பெறப்படும்.

அற்றேல், காசிக்கு வடக்கே அடிகள் உற்றதாகக் கூறப்படும் துன்பம் மிகையன்றோ எனின், அதனையும் ஆராய்வாம். இரவும் பகலும் நடந்தமையால் தாள்கள் தேய்ந்தன. பின்னர்க் கைகளாற் தாவிச் சென்றனர். கைகளும் சிதைந்தபின் மார்பினால் உந்தினர். அதுவும் தேய்ந்தபின் புரண்டனர். மார்பினால் ஊர்ந்த நிலத்தைச் சேக்கிழார் பரற்கற்கள் கனன்று புகையும் கொடிய சுரமாகக் காட்டுகின்றனர். பனிமலை நாட்டில் வெம்பரல் எங்ஙனம் என்று நகைப்பார் உளர். தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த புலவர்பெருமான் தாம் காணாத நிலத்தைத் தமிழ் மரபிற்குரிய பாலையாகக் கண்டனர் என்பது உண்மையே. ஆயினும், மரமற்ற வெளி, கால் கிழிக்கும் பரல், நீரின்மை, தோலைக் கருக்கும் வெயில் என்னும் நான்கும் அம்மேட்டுநிலத்தில் உள்ளனவே. புலவர் பிழைத்தது குளிர் ஒன்றனையே; பாலை என்று கண்டதிற் பிழைத்திலர்.

அந்நூற்றாண்டில் அத்தகைய நடை நிகழக்கூடுமோ என்பார்க்கு யுவான் சுவாங் என்னும் சீனத்துறவியாரின் செலவு விடை பகரும். அவர் 629ஆம் ஆண்டிற் சீனத்தினின்று புறப்பட்டு 645இல் மீண்டவர். அப்பரடிகள் வாழ்ந்த அதே நூற்றாண்டினர். காஞ்சிமாநகரைப் பற்றியும் எழுதிவைத்தவர். கோபிப் பாலையின் எல்லையில் அவர்தம் நீர்ப்பை கவிழ்ந்து நீர் முற்றும் மணலிற் போயிற்று. சிறிது தொலைவு திரும்பி நடந்தவர், இந்தியாவை அடையுமளவும் கீழ்த்திசை நோக்கி ஓரடியும் வையேன் என்று தாம் மேற்கொண்ட உறுதியை நினைந்து, மீண்டும் மேற்கு நோக்கினர். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீருமின்றிச் சென்று உயிர் பிழைத்தனர் என அவர் வரலாறு கூறும். மீளுங்கால் பாமீர் மேட்டுநிலத்தையும் கடந்தனர். புத்த நூல்களை நாடி ஒருவர் இத்துணை செய்தல் கூடுமாயின், இறைவனையே நாடிய நம் நாயனார் நடந்தார் என்பதில் ஐயுற இடம் யாது?

பிற்காலத்து நடைகளுள் அளவு துல்லியமாக அறியப்படுவது நயின்சிங் ராவத் என்பாருடையது. குமாவுன் மலைநாட்டு மிலம் என்னும் ஊரினராகிய அவரை ஆங்கில அரசின் நிலவளவைத் துறையினர் பயிற்றித் திபெத்துக்கு அனுப்பினர். அயலார் புகுதல் தடுக்கப்பட்ட நாடாதலின், அவர் மாற்றுருவில் வழிச்செல்வாராய்ப் புகுந்து, ஒவ்வோர் அடியையும் ஒரே அளவாக எடுத்துவைத்து எண்ணிக்கொண்டே சென்றனர். 108 மணிக்கு மாறாக 100 மணி கோத்த மாலை ஒன்று அவர் கையில் இருந்தது. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினர். மாலை முற்றுங்கால் 10,000 அடி, அஃதாவது ஏறத்தாழ 5 மைல் ஆகும். 1865-66இல் லாசாவை அடைந்து, பிரமபுத்திரையின் மேலாற்றைத் தொடர்ந்து மானதவாவி வரை இவ்வாறு நடந்தனர். பின்னர் 1874 ஜூலையில் லடாக்கின் லே நகரினின்று புறப்பட்டு, ஆடுகளின் முதுகிற் சுமையேற்றிக்கொண்டு, காற்றோயாத சாங்தாங் என்னும் வட மேட்டுப்பாலையைக் கடந்து, நவம்பரில் லாசாவையும் 1875 மார்ச்சில் அசாமையும் அடைந்தனர். இலண்டன் புவியியற் கழகம் 1877இல் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்தது. அவரை அனுப்பிய அந்நிலவளவைக்கு 1802இல் முதல் அடிக்கோடு இடப்பட்டது நம் சென்னைப் பரங்கிமலை அருகே என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

பத்தியால் நடந்தாருள் தெலுங்கு நாட்டிற் பிறந்த சுவாமி பிரணவானந்தர் குறிப்பிடத்தக்கவர். 1928 முதல் பன்முறை அந்நிலஞ் சென்று, வாவிக் கரையில் உறைபனிக் காலத்தும் தங்கி, தாம் கண்டவற்றை 1949இல் நூலாக வெளியிட்டனர். 1962ஆம் ஆண்டுப் போரால் அடைபட்ட வழி 1981இல் லிபுலேக் கணவாய் வாயிலாகத் திறக்கப்பட்டது. 2015இல் நாதுலா வழியும் திறந்தது. 2020 முதல் ஐந்தாண்டு நிகழாதிருந்த அரசினர் யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கிற்று. இக்காலத்து யாத்திரிகர் பெரும்பகுதியை ஊர்தியிற் கடந்து, மலையை வலம்வரும் ஏறத்தாழ 52 கிலோமீட்டரை மட்டும் மூன்று நாளில் நடக்கின்றனர். அதனுள்ளும் 5,600 மீட்டருக்கு மேற்பட்ட டோல்மாக் கணவாயை ஏறுதல் வேண்டும். எளிதாயிற்றென்று கருதற்க. 1998 ஆகஸ்டில் மால்பா என்னுமிடத்து மலைசரிந்து, யாத்திரிகர் அறுபதின்மர் அளவினர் உட்பட இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஓரிரவில் மாய்ந்தனர்.

இத்துணையும் கூறியது முதற்சாரார் கூற்றை மறுத்தற்கு. இனி, சென்று கண்டார்க்கே பயன் என்னும் இரண்டாம் சாராரை நோக்குவாம். இதற்கு விடை அப்பரடிகள் வரலாற்றின் முடிபிலேயே உளது. புரளவும் மாட்டாது கிடந்த அடிகள்முன் இறைவன் முனிவர் வடிவில் எழுந்தருளி, மானிடர்க்குக் கயிலை அரிது, மீண்டு செல்க என்றனன். ஆளும் நாயகன் கயிலையைக் கண்டல்லது இவ்வுடல் கொண்டு மீளேன் என்று அடிகள் மறுத்தனர். அதன்பின்னரே உறுப்புக்கள் நிறைவுற்றன. ஆங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிற் காண்க என்னும் அருள்மொழியும் பிறந்தது. ஐயாற்றுக் குளத்தினின்று எழுந்தவர் யானையும் கோழியும் குயிலும் பிறவும் இணையிணையாய் வரக் கண்டு, அவையனைத்தும் சத்தியும் சிவமுமாம் காட்சியில் திளைத்தனர். கயிலைக்கே செல்வேன் என்றார்க்குக் கயிலை தமிழ்நாட்டில் வந்து தோன்றிற்று.

அங்ஙனமாயின் நடந்த நடை வீணோ? வீணன்று. உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் உயிரின் மலம் கழிதற்பொருட்டு இறைவனால் அளிக்கப்பட்டன என்பது சித்தாந்தம். காலும் கையும் மார்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்த அவ்வழியில், யான் செல்கின்றேன் என்னும் தற்போதமும் உடன் தேய்ந்தது. அருள் நடையின் கூலியன்று; ஆயின் அருளை ஏற்கும் பக்குவம் அந்நடையில் முதிர்ந்தது. நயின்சிங்கின் மாலை அடியை எண்ணிற்று. அவ்வெண்ணிக்கையால் நிலத்தின் நீளம் தெரிந்தது. அடியார் மாலை ஐந்தெழுத்தை எண்ணுவது. அதனால் அறியப்படும் தொலைவு உயிர்க்கும் இறைக்கும் இடையே ஆணவம் விளைத்த தொலைவேயாம். அத்தொலைவு காளத்தியில் நின்றார்க்கும் கணவாயில் நின்றார்க்கும் ஒன்றே. திருஞானசம்பந்தப் பெருமான் காளத்தியில் இருந்தபடியே கயிலையைப் பாடியருளியதும் இக்கருத்தை வலியுறுத்தும்.

இதனைக் கடற்கரையார்க்கு உணர்த்த நம் நாயன்மாருள் ஒருவரே போதும். நாகை நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவராகிய அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையிற்பட்ட முதல் மீனை இறைவற்கென்று கடலில் விடுவார். ஒரு மீனே அகப்பட்ட நாள்கள் பல தொடர்ந்து சுற்றத்தார் பசியால் வாடியபொழுதும், அவ்வொன்றனையும் விட்டனர். ஈற்றிற் பொன்மீன் ஒன்றே பட்டது, அதனையும் விட்டனர். இறைவன் விடைமேற் தோன்றி அவரை ஆட்கொண்டது அக்கடலிலேதான். அவர் மலை ஏறினாரல்லர், பாலை கடந்தாரல்லர். பட்டினி நாளிற் பொன்மீனைக் கைவிட்டபொழுது, கயிலைப் பெருவழி முழுவதையும் ஒரு கணத்திற் கடந்தனர்.

ஆதலின், உடல் வலியும் பொருளும் வாய்த்தார் கயிலை செல்க. பரலும் காற்றும் தம் முனைப்பைத் தேய்க்கவெனச் செல்க. கண்டு மீண்டோம் என்னும் பெருமிதத்தைச் சுமந்து மீளற்க. வாய்க்கப்பெறாதார் வருந்தற்க. லைட்ஹவுஸ் குப்பத்தின் மணலிலிருந்து விடியுமுன் படகு தள்ளுவார்க்கும், திருப்பாலைவனத்துத் திருமுன்னர் ஒரு விளக்கு ஏற்றுவார்க்கும், ஐயாற்றிற் தோன்றிய அக்கயிலை அணித்தே உளது. நடக்க வல்லார் நடந்தும், நிற்பார் நின்ற இடத்தே கொடுத்தும் அதனை அடைவாராக.

திருச்சிற்றம்பலம்.