கல்முனைக் கரையோரத்து ஆசிரியரும் கணினிக் கல்வியும்

ஆசிரியர் கற்பித்த வரலாற்றை எழுதினோர் பலர். ஆசிரியர் கற்ற வரலாற்றை எழுதினோர் மிகச் சிலர். பாடசாலை நிறுவப்பட்ட ஆண்டும், கட்டடம் எழுந்த ஆண்டும், அதிபர்களின் பெயர் வரிசையும் நம் ஆண்டு மலர்களிலே தவறாது இடம்பெறுகின்றன. ஒரு புதிய கருவி வகுப்பறைக்குள் நுழைந்தபோது அதனைக் கையாள ஆசிரியர் எங்ஙனம் பழகினார், யாரிடம் பழகினார், எம்மொழியிற் பழகினார் என்னும் வினாக்களோ எழுப்பப்படுவதே இல்லை. கணினியும் கைப்பேசியும் வகுப்பறைக் கருவிகளாகிவிட்ட இந்நாளில் அவ்வினாக்களை ஒரு குறித்த நிலப்பகுதியை முன்னிறுத்தி ஆராய்தல் பயனுடைத்து. இக்கட்டுரைக்கு அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தைத் தேர்ந்துகொண்டேன்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இவ்வூர்களுட் பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்பவை. இடையிடையே இந்துக்களும் கிறித்தவர்களும் வாழும் ஊர்கள் உள்ளன. 1961ஆம் ஆண்டு வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சமயம் வேறாயினும் மொழி ஒன்று; பரீட்சை வினாத்தாளும் ஒன்று. ஆகவே, இந்துக் கல்லூரி ஒன்றின் மலரிலே இவ்வூர்களைப் பற்றி எழுதுவது அயலார் கதையை எழுதுவதாகாது.

கருவிக்கு ஏற்ப எழுத்தையும், எழுத்துக்கு ஏற்பக் கருவியையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. பழைய ஓதற்பள்ளிகளிலே சிறுவர் மரப்பலகையில் மையால் எழுதி, பாடம் மனப்பாடமானதும் கழுவிவிட்டு மறுபாடம் எழுதினர். அரபு எழுத்தைக் கற்ற அச்சிறுவர்க்கு வீட்டு மொழி தமிழ். இவ்விரண்டையும் இணைத்தது அறபுத்தமிழ். அரபு எழுத்திலே இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, தமிழை அரபு வரிவடிவத்தில் எழுதும் அம்முறையை வகுத்தோர் மொழியியல் அறிஞர் என்று பட்டம் பெற்றவரல்லர். கற்பித்தலின் தேவை அறிந்தவர்கள். ஆசிரியர் தம் மாணவர்க்குப் பொருந்துமாறு கருவியைத் திருத்திக்கொண்டதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அடுத்த சான்று காரைதீவிலே பிறந்தது. சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்றவர். அவரைத் துறவியாகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் போற்றும் நாம், பணியில் இருந்துகொண்டே விடாது கற்ற ஓர் ஆசிரியராக அவரைப் பார்ப்பது அரிது. ஆசிரியப் பணியினிடையே விஞ்ஞானம் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். தாம் ஆங்கிலத்திலே கற்ற விஞ்ஞானத்தைத் தமிழ் மாணவனுக்கு எச்சொற்களாற் சொல்வது என்ற இடர் அவர் முன் நின்றது. 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியதன் பின்னணி இதுவே. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய் வாங்கக்கூடியது. அதன் தொழிற்பாட்டை விளக்கும் தமிழ் வாங்கக்கூடியதன்று என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். கணினி வந்தபோது இதே இடர் அவர் பிறந்த ஊரைச் சூழ்ந்த பாடசாலைகளிலே மீண்டும் தலைகாட்டிற்று.

ஆசிரியரைப் பயிற்றும் நிலையங்கள் இக்கரையிலே காலந்தாழ்த்தே தோன்றின. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை 1940களிலே தொடங்கியது; பின்னர் அவ்வூரிலே தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்தது. 1995ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியாக அரும்பி, 1996ஆம் ஆண்டிலே முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிலைபெற்றது. போரினாற் படிப்புத் தடைப்பட்ட மாணவர்க்காகவே அது தோன்றியதென்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இலங்கையில் 1984ஆம் ஆண்டிலேயே தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு பேரவை அமைக்கப்பட்டது. கொழும்பிலே கொள்கை வகுக்கப்பட்ட அக்காலம், கிழக்கிலே போர் மூண்டெரிந்த காலம். சாலையும் மின்சாரமும் உறுதியற்றிருந்த ஊர்களுக்குக் கணினி ஒரு செய்தித்தாட் சொல்லாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டை அடுத்து, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் நடந்த இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கற் றிட்டத்தின் வழியே பாடசாலைகளுக்குக் கணினிக் கற்றல் நிலையங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2005 முதல் ஊர்தோறும் நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டன. இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தது. நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையை அடுத்த வீதிகளே இல்லாமற் போயின. பாடசாலைகள் சிதைந்த அந்நிலையிற் கணினியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? மீளக் கட்டிய பாடசாலைகளுக்கு உதவியாக வந்த பொருள்களிலே கணினிகளும் இருந்தன என்பது மட்டும் குறிக்கத்தக்கது.

இவ்வாறு திட்டமாகவும் உதவியாகவும் வந்த கருவிக்கு ஒரு தனியறை ஒதுக்கப்பட்டது, பூட்டும் போடப்பட்டது. பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சமே அப்பூட்டின் திறவுகோல் எனலாம். கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அவ்வறைக்கு உரியவரானார். வரலாறும் புவியியலும் விஞ்ஞானமும் கற்பித்த ஏனையோர் அவ்வறையின் வாயிலைக் கடக்கவில்லை. பயிற்சி நெறிகள் நடந்தன, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அந்நெறிகளிலே பெரிதும் கற்பிக்கப்பட்டவை கணினியின் பாகங்கள், சொற்செயலி, விரிதாள் என்பன. நாளை எட்டாம் வகுப்பிலே தாம் நடத்தவேண்டிய பாடத்துக்கு இவற்றுள் எதனை எங்ஙனம் எடுத்தாள்வது என்பதை ஆசிரியர் தாமே கண்டுகொள்ள விடப்பட்டார்.

மொழித்தடை வேறு. 'கணினி' என்பதா, 'கணனி' என்பதா என்ற வழக்கு இன்றும் நம் நாட்டிலே தீர்ந்தபாடில்லை. அது பெரிய இடரன்று. பெரிய இடர் எழுத்துருவினால் வந்தது. இரா. முத்தையா என்னும் யாழ்ப்பாணத்தவர் 1930களிலே உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வழிவந்த விசை ஒழுங்கைத் தழுவியது 'பாமினி' என்னும் எழுத்துரு. ஈழத்து அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பாடசாலைகளும் அதனையே மிகுதியாகக் கைக்கொண்டன. அதிலே உள்ளே பதிவாவது உரோம எழுத்து. திரையிலே தோன்றும் வடிவம் மட்டுமே தமிழ். ஒருங்குறியோ 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. எனினும், தமிழ்க் கணினிக்கான தேசிய நியமம் இலங்கையில் 1326 என்னும் எண்ணோடு வெளிவந்தது 2008ஆம் ஆண்டிலேதான். அதற்குள் ஒரு தலைமுறை ஆசிரியரின் விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டன. பரீட்சைக்கு வினாத்தாள் அமைக்கும் தேவையே அவர்களுட் பலரை முதன்முதல் கணினியின் முன் அமர்த்தியது. எந்தத் திட்டமும் சாதிக்காத ஒன்றை வினாத்தாள் சாதித்தது என்று சொல்வது மிகையாகாது.

கருவி முந்துவதும் ஆசிரியர் கல்வி பிந்துவதும் உலகெங்கும் கண்ட நிகழ்ச்சியே. திரைப்படம் வந்தமையாற் பாடநூல்கள் விரைவிலே வழக்கொழியும் என்று 1913ஆம் ஆண்டில் எடிசன் கருதினார், நூல்கள் ஒழியவில்லை. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றும் ஆரவாரத்தோடு அமெரிக்க வகுப்பறைக்கு வந்து, பின் மூலையிலே ஒதுங்கிய கதையை லரி கியூபன் 1986ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே விரித்துரைத்தார். பழியை ஆசிரியரின் பழமைவாதத்தின்மேற் போடாது, வகுப்பறையின் நாளாந்த நெருக்கடிகளுக்கு அக்கருவிகள் பொருந்தாமையைக் காட்டியது அவர் சிறப்பு. அதே ஆண்டில் லீ சுல்மன், பாட அறிவு வேறு, அதைக் கற்பிக்கும் வகையறிந்த அறிவு வேறு என்று பிரித்துணர்த்தினார். 2006ஆம் ஆண்டில் புன்யா மிஸ்ராவும் மத்தியூ கோலரும் அதனோடு தொழில்நுட்ப அறிவையும் இணைத்து, இம்மூன்றும் கூடுமிடமே ஆசிரியருக்குரிய தனியறிவு என்றனர். கருவியை மட்டும் அறிந்தவர் கருவியாளர், ஆசிரியர் ஆகார்.

இக்கருத்தை ஒலுவிலை வைத்தே விளக்கலாம். ஒலுவில் துறைமுக வேலை 2008ஆம் ஆண்டிலே தொடங்கி, 2013ஆம் ஆண்டிலே துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்பு அணைகள் கரையோர மணலோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரித்தது. தென்னைகளும் மீனவர் தோணி இழுக்கும் இடங்களும் கடலுட் சென்றன. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் நீண்டது. ஒரே கரையைப் பல ஆண்டுகளில் விண்ணிலிருந்து எடுத்த படங்களை இன்று கூகுள் ஏர்த் என்னும் செயலியிலே அடுத்தடுத்துக் காணலாம். ஆண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தும் விசையை இயக்க ஐந்து நிமிடம் போதும். ஆயினும், மணல் ஏன் வடக்கு நோக்கி ஓடுகிறது, பருவக்காற்றின் அலைகள் கரையை எக்கோணத்திலே தாக்குகின்றன, கரைக்கோட்டை எவ்விரு இடங்களிலே அளந்து ஒப்பிடுவது, மாணவன் முதலில் ஊகித்த பின் படத்தைக் காட்டுவதா, காட்டிய பின் வினவுவதா என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து பாடத்தை அமைக்கப் புவியியல் ஆசிரியர்க்கு ஒரு வாரமும் வேண்டியிருக்கும். தந்தையின் தோணி நின்ற இடத்தை மாணவன் திரையிலே தேடும் வகுப்பு அது. அவ்வொரு வாரமே ஆசிரியரின் கல்வி. நம் பயிற்சி நெறிகளோ ஐந்து நிமிடத்துக்குரிய விசையைக் கற்பிக்க ஒரு வாரத்தைச் செலவிட்டு, ஒரு வாரத்துக்குரிய பாடத்துக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்காமல் விட்டன என்பது என் கருத்து.

2020 மார்ச் மாதத்திலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. இருபது ஆண்டுத் திட்டங்கள் செய்யாத மாற்றத்தை ஒரு மாதம் செய்தது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் இருந்தன. எனினும், ஆசிரியர் பலர் சென்றடைந்தது வட்ஸ்அப் குழுக்களையே. காரணம் தெளிவு. 2019ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குடும்பத்திடமே மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்தது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்று மாலையிலே திரும்பியது. ஆகவே, பாடம் குரற்பதிவாயிற்று, கரும்பலகை ஒளிப்படமாயிற்று, ஒப்படை இரவு ஒன்பது மணிக்கு வந்தது. ஆண்டிறுதியில் அக்கரைப்பற்றும் கல்முனையும் தனிமைப்படுத்தப்பட்டபோது இம்முறையே பாடசாலையாக நின்றது. தரவுப் பொதிக்கு ஆசிரியர் தம் பணத்தைச் செலவிட்டார். கற்றுக்கொடுத்தவர் யார் எனின், பக்கத்து வகுப்பு ஆசிரியர், தம் பிள்ளை, சில வேளைகளிலே தம் மாணவன். மருதமுனையிலே நெசவு கற்பவன் தறிக்கு அருகிருந்து கண்ணாலும் கையாலும் கற்கும் முறை அது. சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை; கற்றது மட்டும் நின்றது.

அவ்வுழைப்பு மதிக்கப்பட்டதா? 2021 ஜூலை 12ஆம் நாள் முதல் நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஏறக்குறைய 24 ஆண்டுக்காலச் சம்பள முரண்பாடு அவர்களது முதற் கோரிக்கை. ஒக்டோபர் இறுதி வரை அப்போராட்டம் நீடித்தது. மாணவர் இழப்பைச் சுட்டி அதனைக் கடிந்தோரும் உளர், அவ்விழப்பு மெய்யே. ஆனால், திரையை அணைத்தபோதுதான் அத்திரைக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பதை நாடு கண்டுகொண்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. பல மணி நேர மின்வெட்டு அதனோடு கூடிற்று. கைப்பேசியை எப்போது மின்னேற்றுவது என்று கணக்கிட்டுப் பாடவேளையை அமைக்கும் திறமையை எந்தப் பாடத்திட்டமும் கற்பித்ததில்லை. ஆசிரியர் அதனையும் கற்றனர்.

அக்காலத்திலே ஆக்கப்பட்ட பாடங்களின் கதி யாது? குரற்பதிவுகள் கைப்பேசி மாறும்போது அழிகின்றன. அதற்கு முந்திய வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் இறுவட்டுகளிலே பாமினியிற் கிடக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே அவற்றைத் திறந்தால், 'அம்மா' என்னும் சொல் எம், கே என்ற உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மீண்டும் கே, எச் என்பனவுமாகத் தோன்றும். மாற்றிகள் இலவசமாகவே உள்ளன. ஒரு கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு நிமிடமும் வேண்டுவதில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்திற் சேமித்து வருகின்றது. அச்சேறியவற்றுக்கு அங்கே இடமுண்டு. அச்சேறாத ஆசிரியர் குறிப்புகளைச் சேர்க்கும் வேலையை அந்தந்தப் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர், ஓய்வுபெறும் ஆசிரியர் தம் மேசையைக் காலி செய்யும் முன்னரே தொடங்குதல் வேண்டும்.