வணிகத்தில் சட்ட இணக்கம்

வணிகத்தில் சட்ட இணக்கம் என்பது ஒரு நிறுவனம் தன் தொழிலுக்குப் பொருந்தும் சட்டங்கள், விதிகள், உரிம நிபந்தனைகள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றுக்கு ஏற்ப நடந்துகொள்வதையும், அதை உறுதிசெய்யத் தனக்குள் ஏற்படுத்திக்கொள்ளும் ஏற்பாடுகளையும் குறிக்கும். நெடுங்காலம் இது வழக்கறிஞரும் கணக்காளரும் பார்த்துக்கொள்ளும் வேலையாகவே கருதப்பட்டது. ஆலையை எங்கே அமைப்பது, எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்வது, எந்தச் சந்தைக்கு விற்பது போன்ற முதல்நிலை முடிவுகளிலேயே சட்டத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்துக்கொள்வது, சட்ட இணக்கத்தை வணிக உத்தியின் பகுதியாக்குதல் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதன் தேவையை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் தூத்துக்குடிக் கடற்கரை ஆகும். இங்கு ஆண்டுக்கு 4 இலட்சம் டன் செப்பு உற்பத்தி செய்யும் திறன் கொண்ட ஓர் ஆலை, இசைவாணை புதுப்பிக்கப்படாமல் 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

கருத்துருவின் தோற்றம்

வெளிநாட்டு அலுவலர்களுக்குக் கையூட்டு அளிப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை ஐக்கிய அமெரிக்கா 1977இல் இயற்றியது. நிறுவனங்களுக்குத் தண்டனை விதிப்பது பற்றி அந்நாடு 1991இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குற்றம் நிகழும் முன்பே முறையான இணக்க ஏற்பாடு வைத்திருந்த நிறுவனத்துக்குத் தண்டத்தைக் குறைக்க இடமளித்தன. இணக்கத்துக்கு நேரடியான பண மதிப்பு ஏற்பட்டது இதனால்தான் எனலாம். செருமனியின் சீமென்ஸ் நிறுவனம் கையூட்டு வழக்குகளில் 2008இல் அமெரிக்க, செருமானிய அரசுகளுக்கு ஏறத்தாழ 160 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. சீர்தரப்படுத்தலுக்கான பன்னாட்டு அமைப்பு, இணக்க மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 37301 என்னும் சீர்தரத்தை 2021இல் வெளியிட்டது.

சட்டத்தைச் செலவாக மட்டும் பார்க்கும் எண்ணத்தை மைக்கேல் போர்ட்டர் 1990களில் மறுத்தார். நன்கு வடிவமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் விதிகள் நிறுவனங்களைப் புதிய முறைகளைத் தேடத் தூண்டும். அதனால் ஏற்படும் மிச்சம் சில வேளைகளில் இணக்கச் செலவையே ஈடுகட்டும் என்பது அவர் கருதுகோள். எல்லாத் தொழில்களுக்கும் இது பொருந்துமா என்பதில் பொருளியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்தியாவில் 2009இல் வெளிப்பட்ட சத்யம் கணக்கு மோசடிக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பொருந்தும் எல்லாச் சட்டங்களுக்கும் இணங்குவதற்கான ஏற்பாடுகள் உள்ளன என்றும் அவை செயல்படுகின்றன என்றும் இயக்குநர்கள் ஆண்டறிக்கையில் உறுதிகூற வேண்டும் என்கிறது. ஆயினும் அறிக்கையில் வரும் உறுதிமொழி வேறு, ஆலை வளாகத்தில் நடப்பது வேறு.

இசைவாணை

ஓர் ஆலையைப் பொறுத்தவரை சட்ட இணக்கத்தின் நடுப்புள்ளி இசைவாணையே. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் (1974), காற்று மாசுத் தடுப்புச் சட்டம் (1981) ஆகியவற்றின் கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதனை வழங்குகிறது. முதலில் ஆலையை நிறுவ இசைவு பெறவேண்டும். கட்டி முடித்தபின் இயக்க இசைவு பெறவேண்டும். இயக்க இசைவுக்குக் காலவரையறை உண்டு. அது முடியும்போது புதுப்பித்தாக வேண்டும். ஒவ்வோர் ஆணையுடனும் கழிவுநீர் அளவு, புகைபோக்கி உயரம், பசுமை வளையம், கழிவு சேமிப்பு எனப் பல நிபந்தனைகள் இணைக்கப்படும்.

பல நூறு கோடி முதலீடும் இந்தத் தாளையே நம்பி நிற்கிறது. ஆலைக்கு எடுத்த கடனைத் திருப்பிச் செலுத்தப் பல ஆண்டுகள் ஆகும். இசைவாணையோ அதைவிட மிகக் குறுகிய காலத்துக்கே செல்லும். எனவே நிபந்தனைகளை நிறைவேற்றாமல் ஒத்திப்போடும் நிறுவனம், தன் மூலதனத்தையே புதுப்பித்தல் நாளன்று பணயம் வைக்கிறது. ஒரு நிபந்தனையை வரைபட நிலையில் நிறைவேற்ற ஆகும் செலவு, ஆலை எழுந்தபின் ஆகும் செலவில் சிறு பங்காகவே இருக்கும். 250 மீட்டர் பசுமை வளையத்துக்கு நிலத்தை முதலிலேயே ஒதுக்கலாம். கட்டடங்கள் வந்தபின் ஒதுக்க இயலாது.

மன்னார் வளைகுடாக் கரை

தூத்துக்குடிக் கடலில் தொழிலும் சட்டமும் பிணைந்திருப்பது புதிதன்று. முத்துக்குளித்தல் இங்கு அரசின் உரிமையாக இருந்தது. முத்துப்பார்களை முன்னதாகவே ஆய்ந்து, சிப்பிகள் போதிய வளர்ச்சி பெற்றிருந்தால் மட்டுமே அரசு குளிப்பை அறிவித்தது. பிரித்தானியர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்குச் சேர்ந்தது. 1961க்குப் பின் இங்கு பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மன்னார் வளைகுடா 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. தூத்துக்குடியிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே, திருச்செந்தூரை அடுத்துள்ள ஆலந்தலை போன்ற மீனவ ஊர்கள் இவ்வளைகுடாவை நம்பி வாழ்கின்றன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடைசெய்து, அப்பகுதியை வள்ளம், கட்டுமரம் போன்ற நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. இந்த எல்லை மீறப்படும்போது இழப்பு வள்ளக்காரரின் வலையில் தெரியும். சட்ட இணக்கம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் இடர்ப்பாட்டையே பேசுகின்றன. சட்டம் மீறப்படும்போது முதலில் இழப்பவர் பெரும்பாலும் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் என்பதை அவை போதிய அளவு சொல்வதில்லை.

ஸ்டெர்லைட் ஆலை

ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தன் செப்பு உருக்காலையை முதலில் மகாராட்டிரத்தின் இரத்தினகிரியில் கட்டத் தொடங்கியது. உழவர்களின் எதிர்ப்பால் 1993இல் அப்பணி நின்றது. 1994 ஆகஸ்ட் 1 அன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தூத்துக்குடியில் ஆலை அமைக்கத் தடையின்மைச் சான்று வழங்கியது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1995 சனவரியிலும் மாநில அரசு அதே ஆண்டு மே மாதத்திலும் அனுமதி அளித்தன. இயக்க இசைவு 1996 அக்டோபரில் கிடைத்தது. திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்கும் அறிவிக்கை 1997இல்தான் வந்தது. ஆகவே அருகிலுள்ள ஊர்களின் கருத்தைக் கேட்காமலே ஆலை எழுந்தது. அன்றைய சட்டத்தின்படி இதில் குறையில்லை. ஆனால் பின்னாளில் ஆலை எதிர்கொண்ட நம்பிக்கையின்மையின் வேர்களுள் ஒன்று இங்கு இருக்கிறது.

ஆலை, மன்னார் வளைகுடாவின் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளிலிருந்து 25 கி.மீ. தொலைவில் அமையவேண்டும் என்பது வாரியத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆனால் 21 தீவுகளில் 4 தீவுகள் ஆலையிலிருந்து 25 கி.மீ.க்குள் இருப்பதை உச்ச நீதிமன்றம் பின்னர்ச் சுட்டிக்காட்டியது. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு அமைக்கவேண்டிய பசுமை வளையம், நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது அன்று. எனினும் தளர்த்தப்பட்ட ஒவ்வொரு நிபந்தனையும் பின்னர் நீதிமன்றத்தில் வாதப்பொருளாக வந்தது.

தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் அறிக்கையை அடுத்து, 1998 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையைத் தற்காலிகமாக மூட ஆணையிட்டது. 2010 செப்டம்பர் 28 அன்று அந்நீதிமன்றம் ஆலையை முற்றிலும் மூட உத்தரவிட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2013 ஏப்ரல் 2 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரு தரப்புக்கும் முழு நிறைவு தரவில்லை. குறைகளில் பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டதாகக் கண்ட நீதிமன்றம், மூடும் ஆணையை நீக்கியது. அதேவேளை சூழலை மாசுபடுத்தியதற்காகவும், செல்லத்தக்க இசைவாணை இல்லாமலே நீண்டகாலம் இயங்கியதற்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. இழப்பீடு நிறுவனத்தின் அளவுக்கும் வளத்துக்கும் ஏற்ப இருந்தால்தான் அது தடுப்பாற்றல் உடையதாகும் என்ற, 1986ஆம் ஆண்டு எம். சி. மேத்தா வழக்கின் கொள்கையை நீதிமன்றம் இங்குப் பின்பற்றியது. இத்தொகை பெரிதாகத் தோன்றினும், ஆலையின் ஆண்டு வருவாயோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதே. இசைவாணை குறைபாட்டைப் பணம் கொடுத்துக் கடந்துவிடலாம் என்ற தவறான பாடமும் அதிலிருந்து எடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

இத்தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னர், 2013 மார்ச் 23 அன்று நச்சு வாயு கசிந்ததாக எழுந்த புகாரையடுத்து, வாரியம் ஆலையை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையால் அது மீண்டும் திறந்தது. 2018 ஏப்ரல் 9 அன்று இயக்க இசைவைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. அது கூறிய காரணங்கள் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது போல் அரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் அல்ல: சுற்றுப்புற நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளை அளிக்காமை, உப்பாற்றின் ஓரமாகவும் தனியார் நிலங்களிலும் கொட்டிய செப்புக் கசடை அகற்றாமை, தீங்கான கழிவுகளைக் கையாளும் அனுமதியைப் புதுப்பிக்காமை, சுற்றுப்புறக் காற்றில் ஆர்சனிக் உள்ளிட்டவற்றை உரியவாறு ஆய்வு செய்யாமை, ஜிப்சக் குளத்தை விதிப்படி அமைக்காமை. இவற்றில் பல அன்றாட நிர்வாகத்தில் தீர்க்கக்கூடியவை. இரட்டிப்பு விரிவாக்கத்துக்குத் திட்டமிட்டிருந்த ஒரு நிறுவனம் இவற்றை நிலுவையில் வைத்திருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

ஆலைக்கு எதிராக 2018 பிப்ரவரியில் அ. குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் 100ஆம் நாளான மே 22 அன்று மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அன்றும் மறுநாளும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டனர். இது குறித்து விசாரித்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது.

மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் 2018 திசம்பரில் அதை நீக்கியது. அவ்வழக்கை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கூறியது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 18 அன்று மூடலை உறுதிசெய்தது. ஆலையின் அப்போதைய உரிமையாளரான வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. ஆலையை மூடுவது முதல் தெரிவாக இருக்கக்கூடாது என்பதை அந்நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மீறல்கள் கடுமையானவை, மீண்டும் மீண்டும் நிகழ்ந்தவை என்பதால் வேறு வழியில்லை எனக் கண்டது. இடையில் 2021இல், கோவிட்-19 தொற்றின்போது, மருத்துவ ஆக்சிசன் உற்பத்திக்கு மட்டும் ஆலை சில மாதங்கள் இயக்கப்பட்டது.

இம்மூடலின் விளைவுகள் நிறுவனத்தோடு நிற்கவில்லை. நீண்டகாலம் செப்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2018-19இல் நிகர இறக்குமதி நாடாயிற்று. ஆலையை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் சரக்குந்து உரிமையாளர்களும் வேலை இழந்தனர். நிபந்தனைகளை மீறியவர்கள் அவர்கள் அல்லர்.

கடலுணவு ஏற்றுமதி

இதே கடற்கரையின் மற்றொரு தொழில், சட்டத்தை வேறுவிதமாக எதிர்கொண்டது. துப்புரவுக் குறைகளைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 1997 ஆகஸ்டில் இந்தியக் கடலுணவு இறக்குமதியைத் தடைசெய்தது. அதன்பின் ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்ற பதப்படுத்தும் ஆலைகள் மட்டுமே அங்கு விற்க முடிந்தது. ஏற்றுமதியாளர்கள் தரை, நீர், பனிக்கட்டி, தொழிலாளர் உடை வரை மாற்றியமைத்து, இடர் ஆய்வு முறையை மேற்கொண்டனர். இங்குச் சட்டப் பிரிவு தனியே இயங்கவில்லை; ஆலையின் வடிவமைப்பே சட்டத்துக்கு ஏற்ப மாறியது. தூத்துக்குடியின் பதப்படுத்தும் ஆலைகளும் இம்மாற்றத்துக்கு உட்பட்டவையே.

முறைகேடான மீன்பிடிப்பைத் தடுக்கும் ஐரோப்பிய விதி 2010 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடலில் பிடித்த மீன் எந்தப் படகில், எந்தப் பகுதியில், எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் பிடிப்புச் சான்றிதழ் இதன்படி கட்டாயம். இந்தியாவில் இதனைக் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பிடா வழங்குகிறது. ஏற்றுமதியாளரின் இணக்கம் இதனால் படகின் பதிவெண்ணிலிருந்தே தொடங்குகிறது. வள்ளம் பதிவு செய்யப்படவில்லை என்றால், ஆலந்தலைக் கரையில் ஏலம் போன மீனுக்கு ஐரோப்பியச் சந்தையில் இடமில்லை.

எல்லாம் இவ்வாறு முடிந்துவிடவில்லை. இழுவலையில் சிக்கும் ஆமைகள் தப்புவதற்கான கருவியைப் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா 1990களில் உலக வணிக அமைப்பில் வழக்காடியது. கருவியைப் படகுகளில் பரவலாகப் பொருத்தும் பணி பின்தங்கியது. 2010களின் இறுதியில் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. பண்ணை இறாலுக்கு இத்தடை பொருந்தவில்லை.

திருப்பூர்ச் சாயத்தொழில்

நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாறச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் பணித்தது. காலக்கெடுக்கள் கடந்தன. 2011 சனவரியில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட ஆணை வந்தது. மாநில அரசின் வட்டியில்லாக் கடனுடன் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதை இப்போது பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் வாங்குநர்களிடம் தங்கள் சிறப்பாகவே எடுத்துரைக்கின்றனர். ஆனால் நொய்யல் படுகை உழவர்களின் நிலம் அதற்கு முன்பே உவர்ப்பாகிவிட்டது.

விமர்சனங்கள்

சட்ட இணக்கத்தை உத்தியாகக் கொள்வது, எவ்வளவு மீறினால் இலாபம் என்ற கணக்காகவும் திரியக்கூடும் என்பது முதன்மையான விமர்சனம். தண்டம் சிறிதாகவும் வழக்கு நீண்டதாகவும் இருக்கும் நாட்டில் காலத்தை இழுப்பதே மலிவான வழியாகிவிடும். சிறு நிறுவனங்கள் பதிவேடுகளின் சுமையால் நசுங்குவதாகவும், பெரிய நிறுவனங்கள் அதே பதிவேடுகளுக்குப் பின்னால் மறைந்துகொள்வதாகவும் கூறப்படுகிறது. ஒழுங்குமுறை அமைப்பின் பங்கும் இதில் உண்டு. இசைவாணை இல்லாத காலத்திலும் ஓர் ஆலை இயங்கியது என்றால், அதை இயங்கவிட்ட வாரியமும் வினாவுக்கு உட்பட்டதே.

2023ஆம் ஆண்டின் சன் விசுவாசு சட்டம், காற்று மாசுத் தடுப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் பல மீறல்களுக்கான சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத் தொகையை விதித்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 2024இல் இதேபோல் திருத்தப்பட்டது. இது தொழில் நடத்துவதை எளிதாக்கும் என்பது அரசின் நிலைப்பாடு. பெரிய ஆலைகளுக்கு 15 இலட்சம் ரூபாய் ஒரு பொருட்டன்று என்பது சூழலியலாளர்களின் மறுப்பு.