பூட்டைத் திறந்தவர் கள்வரா?

நற்கருணைப் பேழை எப்போதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதன் சாவி மிகுந்த விழிப்போடு பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 938ஆம் எண்ணில் பணிக்கிறது. அச்சாவியை நாள்தோறும் கையில் ஏந்தும் நாம், பூட்டின் மீது வைத்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. சாவியில்லாமல் பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டு, திறக்கும் முறையைப் படமெடுத்துத் தம்மை ஒத்த ஆர்வலரோடு பகிர்ந்துகொள்வோர் உலகெங்கும் உண்டு எனக் கேள்வியுற்றபோது முகம் சுளித்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1851ஆம் ஆண்டின் இலண்டன் நிகழ்ச்சி ஒன்றைப் படித்த பின்னரே நம் எண்ணம் மாறத் தொடங்கியது.

இலண்டன் பிக்காடிலி வீதியில் ஜோசப் பிராமா என்பாரின் கடை இருந்தது. 1784இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற பொறியியல் மேதை அவர். அக்கடையின் சாளரத்தில் ஒரு பூட்டும், அதனைத் திறக்கும் கருவியைச் செய்து காட்டுவோர்க்கு 200 கினி உடனே வழங்கப்படும் என்ற அறிவிப்பும் பல பத்தாண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. 1814இல் பிராமா இறந்தார்; பூட்டு அங்கேயே இருந்தது. பரிசைப் பெற்றவர் எவருமில்லை.

அப்பூட்டுக்கு இணையாகப் புகழ்பெற்ற மற்றொன்று சப் குடும்பத்தாரின் பூட்டு. 1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பற்படைத் தளத்தில் கள்ளச்சாவியிட்டுத் திருட்டு நடந்தது. தனக்குரிய சாவியன்றி வேறெதற்கும் திறவாத பூட்டைச் செய்து தருமாறு அரசு அறைகூவல் விடுத்தது. மறு ஆண்டில் ஜெரமையா சப் அதனைச் செய்து 100 பவுன் பரிசு பெற்றார். திண்டுக்கல் பூட்டு வாங்கும்போது ‘எத்தனை லீவர்?’ என்று கேட்கிறோமே, அந்த லீவர் முறையே இதற்கும் அடிப்படை. புதுமை யாதெனில், கள்ளச்சாவி ஏதேனும் ஒரு லீவரை மிகையாகத் தூக்கிவிட்டால் உள்ளிருக்கும் ஒரு விசை அதனைப் பற்றிக்கொள்ளும். பின்னர் உரிமையாளர் தம் சாவியை இடும்போது அது திரும்பாது. எவனோ கைவைத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். சாவியை எதிர்ப்புறமாகத் திருப்பினால் பூட்டு பழைய நிலைக்கு மீளும்.

அக்காலத்தில் போர்ட்ஸ்மவுத் துறையில் பழைய கப்பல்களைச் சிறைக்கூடங்களாக்கி வைத்திருந்தனர். அவற்றுள் ஒன்றில் பூட்டுத் தொழில் அறிந்த கைதி ஒருவர் இருந்தார். இப்பூட்டைத் திறந்துவிட்டால் அரசு முழு மன்னிப்பு வழங்கும், சப் 100 பவுன் தருவார் என்று அவரிடம் கூறப்பட்டது. கருவிகளும் தரப்பட்டன. இரண்டு மூன்று மாதங்கள் முயன்று, இறுதியில் தம்மால் இயலாது என்று அம்மனிதர் ஒப்புக்கொண்டார். பூட்டின் பெருமையைச் சொல்லவே இக்கதை வழிவழியாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் தம் விடுதலையே அவ்விரும்புத் துண்டுக்குள் அடைபட்டிருக்க, இரவும் பகலும் அதனைத் தடவிக்கொண்டிருந்த அந்த மனிதரின் பெயரைக் கூட அக்கதை சொல்வதில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

1851 மே முதல் நாள் இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி திறக்கப்பட்டது. (கத்தோலிக்க ஆயர்கள் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்களே என்று அந்நாடு கொதித்துக் கொண்டிருந்த காலமும் அதுவே.) பாஸ்டனில் பிறந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் நிறுவனத்தார் செய்த பூட்டைக் காட்சிக்கு வைக்க வந்திருந்தார். ஜூலை 22ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீட்டின் காப்பறைக் கதவிலிருந்த சப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்தார். 7 நிமிடங்களில் மறுபடியும் பூட்டினார். பூட்டுக்குச் சேதமில்லை. கள்வனைக் காட்டிக்கொடுக்க அமைத்த விசையே அவருக்கு வழிகாட்டியது என்பதுதான் வியப்பு. எந்த லீவர் எவ்வளவு உயர்ந்தால் மிகை என்பதை அவ்விசையே அவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது!

இரண்டே நாளில் பிராமா பூட்டின்மேல் கைவைத்தார். அதனுள் 18 நகரும் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்திற்கு அழுந்தினாலன்றிப் பூட்டு திரும்பாது. முப்பது நாள் தவணை அளிக்கப்பட்டது. பிராமா நிறுவனத்தாரின் ஆட்சேபத்தால் இடையில் வேலை தடைப்பட்டதும் உண்டு. 16 நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து, ஆகஸ்டு 23இல் திறந்தார். நடுவர்கள் அவர் முறையாகவே திறந்தார் எனத் தீர்ப்பளிக்க, 200 கினி வழங்கப்பட்டது.

நாடு கலங்கியது. ‘இவ்வாறு வெளிப்படையாகக் காட்டுவது திருடருக்குப் பாடம் சொல்லித் தருவதாகாதா?’ என்ற கேள்வி எழுந்தது. 1853இல் வெளிவந்த அவரது பூட்டியல் நூல் இதற்கு விடையளிக்கிறது. திருடர் தம் தொழிலில் நம்மினும் தேர்ந்தவர்கள். பூட்டின் குறையை அவர்கள் முன்னரே அறிவர். அறியாதவர் பூட்டை நம்பி உறங்கும் நேர்மையாளர் மட்டுமே என்பது அவ்விடையின் சாரம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது, பிறர் குறையைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது, அது உண்மையேயாயினும், பாவம் எனப் பயின்றோம். இன்றும் அதுவே திருச்சபையின் போதனை. ஆனால் ‘தக்க காரணமின்றி’ என்ற சொற்களை நாம் விரைந்து கடந்துவிட்டோமோ என இப்போது ஐயுறுகிறோம். குறையை மறைத்தால் இறைமக்களுக்கு இடறல் நேராது என்று கருதி, சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பல நாடுகளில் திருச்சபைத் தலைவர்கள் மூடி வைத்தனர். கொடியவர் அறிந்திருந்தனர், தலைவர்கள் அறிந்திருந்தனர், பிள்ளையை நம்பி அனுப்பிய தாய் மட்டும் அறியவில்லை. இத்தகைய குற்றங்களை அறியவரும் குருக்களும் துறவியரும் முறையிட்டே ஆகவேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கியது 2019இல்தான். காலம் தாழ்ந்தது என்று சொல்லவே வேண்டும்.

இன்றைய ஆர்வலரிடம் ஒழுங்கு உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997இல் இதற்கென ஒரு கழகம் தோன்றியது. பின்னர் நெதர்லாந்திலும் ஒன்று. உனதல்லாத பூட்டை உரியவர் இசைவின்றித் தொடாதே, பயன்பாட்டிலுள்ள பூட்டில் பழகாதே என்பன இவர்கள் போற்றும் விதிகள். பொறுப்புள்ளோர் குறையைக் கண்டால் முதலில் செய்தவருக்கே தெரிவிக்கின்றனர்; அவர் செவிசாய்க்காவிடில் ஊரறியச் சொல்கின்றனர். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வகுத்த முறையும் ஏறத்தாழ இதுவே: முதலில் தனியே, பின்னர் சாட்சிகளோடு, அதன்பின் சபையில். எல்லாரும் இவ்வரிசையைக் காப்பதில்லை. பாராட்டுக்காகவே படம் வெளியிடுவோரும் உளர். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். உருளை வடிவச் சாவி கொண்ட ஒருவகை மிதிவண்டிப் பூட்டைச் சாதாரண எழுதுகோலின் குழலால் திறக்கலாம் என்று 1992இலேயே பிரித்தானிய மிதிவண்டி இதழ் ஒன்று எழுதியது. பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 2004இல் ஒருவர் அதனைப் படமெடுத்துக் காட்டினார். சில நாள்களுக்குள் உலகமே கண்டது; கிரிப்டோனைட் நிறுவனம் பழைய பூட்டுகளை விலையின்றி மாற்றித் தர முன்வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை ஏழை மாணவர் மிதிவண்டியை இழந்து நின்றனரோ!

ஹாப்ஸ் இங்கிலாந்திலேயே தங்கிப் பூட்டுத் தொழிற்சாலை நிறுவி, 1860இல் தாயகம் திரும்பினார். அவர் 1851இல் பெருமையோடு கொணர்ந்த நியூவெல் பூட்டும் தப்பவில்லை. 1850களின் நடுவில் லைனஸ் யேல் என்னும் மற்றோர் அமெரிக்கர் அதனைத் திறந்து காட்டினார். அடுத்த பத்தாண்டில் அந்த யேல் செம்மைப்படுத்திய, சிறு ஊசிகள் ஏறி இறங்கும் பூட்டின் வழிவந்தவையே இன்று நம் வீட்டுக் கதவுகள் பலவற்றிலும் உள்ளன; அக்கழகங்களின் பயிற்சி மேசைகளில் மிகுதியாகக் கிடப்பவையும் அவையே.